ஆண்டவரில் மகிழ்வது என்றால் என்ன?



திருவருகைக் காலத்தில் நம் ஆலயப் பீடத்தருகே நான்கு மெழுகுதிரிகளை வைக்கிறோம். மூன்று ஊதா நிறம். ஒன்று மட்டும் இளஞ்சிவப்பு. அந்த இளஞ்சிவப்புத் திரியை மூன்றாம் ஞாயிறன்று ஏற்றுகிறோம். இந்த நிற மாற்றம் எதற்கு என்று மறைக்கல்வி வகுப்புச் சிறுவர்கள் கேட்பதுண்டு. அந்த ஞாயிற்றுக்கு 'மகிழ்ச்சி ஞாயிறு' என்று பெயர். அன்றைய திருப்பலியின் வருகைப் பல்லவி, தூய பவுல் பிலிப்பி நகரக் கிறிஸ்தவர்களுக்கு எழுதிய திருமுகத்திலிருந்து (பிலி 4:4-5) எடுக்கப்பட்டது. இலத்தீன் மொழியில் அதன் முதற்சொல் 'கவுதேத்தே'. 'மகிழுங்கள்' என்பது அதன் பொருள்.

சிறுவர்களுக்கு இந்த விளக்கம் போதும். ஆனால் பெரியவர்களாகிய நமக்கு இன்னொரு கேள்வி எழுகிறது. 'வாருங்கள்', 'அமருங்கள்', 'உண்ணுங்கள்' என்று ஒருவரிடம் சொல்லலாம், அவரும் செய்துவிடுவார். 'மகிழுங்கள்' என்று கட்டளையிட முடியுமா? ஞாயிறு திருப்பலிக்கு வந்து அமர்ந்திருக்கும் நம்மையே சற்றுப் பார்ப்போம். கணவரின் வாரக்கூலி வீடு வந்து சேருமுன் மதுக்கடைக்குப் போய்விடுமோ என்ற பயத்தோடு ஒரு பெண் முழங்காலில் இருக்கிறார். பட்டம் பெற்று மூன்று ஆண்டுகளாகியும் வேலை கிடைக்காத மகனைப் பற்றி ஒரு தந்தை நினைத்துக்கொண்டிருக்கிறார். அடகு வைத்த நகைக்கு வட்டி கட்டும் நாள் நெருங்குகிறது ஒருவருக்கு. கல்லறைத் தோட்டத்தில் புதைத்துவிட்டு வந்த துணையின் இடம் பக்கத்தில் வெறுமையாக இருக்கிறது இன்னொருவருக்கு. இவர்களிடம் போய், 'ஆண்டவரில் எந்நாளும் மகிழுங்கள்' என்றால், 'அது எனக்குச் சொன்னதல்ல, வேறு யாருக்கோ சொன்னது' என்றுதானே நினைப்பார்கள்?

இன்னும் சிலருக்கு இது ஒரு குற்ற உணர்வாகவே மாறிவிடுகிறது. 'நல்ல கிறிஸ்தவன் மகிழ்ச்சியாக இருப்பான். நான் மகிழ்ச்சியாக இல்லை. ஆகவே என் விசுவாசத்தில்தான் ஏதோ குறை' என்று எண்ணி, துயரத்தின்மேல் துயரம் சேர்த்துக்கொள்கிறார்கள். எனவே தூய பவுல் இதை எங்கிருந்து, யாருக்கு, எந்தச் சூழலில் எழுதினார் என்று பார்ப்பது நமக்குப் பெரிதும் உதவும்.

சிறையிலிருந்து வந்த மகிழ்ச்சி

பிலிப்பியருக்கு எழுதிய திருமுகம் மிகச் சிறியது. நான்கு அதிகாரங்கள், 104 வசனங்கள். அதற்குள் மகிழ்ச்சியைக் குறிக்கும் சொல் பெயராகவும் வினையாகவும் 16 முறை வருகிறது. இதனாலேயே இதை 'மகிழ்ச்சியின் திருமுகம்' என்று அழைக்கிறோம்.

ஆனால் அதை எழுதியவர் அப்போது விலங்கிடப்பட்டுச் சிறையில் இருந்தார் (பிலி 1:13). தாம் உயிரோடு விடுதலையாவாரா, கொல்லப்படுவாரா என்பது அவருக்கே உறுதியில்லை (1:20-23). அவருடைய சிறைவாசத்தைப் பயன்படுத்தி, பொறாமையாலும் போட்டியாலும் நற்செய்தி அறிவித்த சிலரும் இருந்தார்கள் (1:15-17). அவருக்கு உதவி கொண்டுவந்த எப்பப்பிரோதித்து நோயுற்றுச் சாவின் வாயில்வரை போய்த் திரும்பியிருந்தார் (2:25-27). தம் நண்பர் இறந்திருந்தால் தமக்குத் துயருக்குமேல் துயர் வந்திருக்கும் என்று பவுலே ஒளிக்காமல் எழுதுகிறார்.

ஆக, பவுலின் மகிழ்ச்சி கவலையே அறியாதவரின் மகிழ்ச்சி அன்று. அவர் அழுதிருக்கிறார், பயந்திருக்கிறார். அப்படியானால் அவர் பேசும் மகிழ்ச்சி ஓர் உணர்ச்சி மட்டுமல்ல. உணர்ச்சி காலையில் வரும், மாலையில் போகும். நல்ல சாப்பாடு, நல்ல செய்தி, நல்ல பாட்டு இவையெல்லாம் நமக்கு இன்பம் தருகின்றன. அவையும் கடவுளின் கொடைகளே. ஆனால் அவை தீர்ந்ததும் இன்பமும் தீர்ந்துவிடுகிறது. ஆண்டவரில் மகிழ்வது என்பது, 'நான் அன்பு செய்யப்படுகிறேன். என்னை எந்த நிலையிலும் கைவிடாத ஒருவர் இருக்கிறார்' என்ற உறுதியில் வேரூன்றி நிற்பது. கிணற்றின் மேல்நீர் காற்றில் அலையும். அடியில் ஊற்று அமைதியாகச் சுரந்துகொண்டிருக்கும். அதுபோன்றது இது.

நம் ஆண்டவரும் இதையே செய்தார். தம் மகிழ்ச்சி சீடர்களுக்குள் இருக்க வேண்டும், அது நிறைவு பெற வேண்டும் என்று அவர் சொன்னது கானாவூர்த் திருமண வீட்டில் அல்ல. பாடுபடுவதற்கு முந்திய இரவில் (யோவா 15:11). அதற்கு முந்திய வசனங்களில் தம் அன்பில் நிலைத்திருக்குமாறு கேட்கிறார். அடுத்த வசனத்தில் ஒருவரையொருவர் அன்பு செய்யக் கட்டளையிடுகிறார். மகிழ்ச்சி என்ற சொல் இந்த இரண்டு அன்புகளுக்கும் நடுவில் நிற்பதைக் கவனியுங்கள். ஒருபுறம் இயேசுவின் அன்பு. மறுபுறம் அயலார்மேல் நாம் காட்டும் அன்பு. இதில் ஒரு பக்கத்தை எடுத்துவிட்டாலும் மகிழ்ச்சி நிற்க இடமில்லை.

சிறைக்காவலர் வீட்டுப் பந்தி

பிலிப்பி மாசிதோனியா நாட்டு நகரம். உரோமையரின் குடியேற்ற நகரம். இன்று அது வட கிரேக்க நாட்டில் இடிபாடுகளாக இருக்கிறது. அங்கே திருச்சபை எப்படிப் பிறந்தது என்பதைத் திருத்தூதர் பணிகள் நூல் 16ஆம் அதிகாரம் சொல்கிறது.

அங்கே முதலில் நற்செய்தியை ஏற்றவர் லீதியா என்ற பெண். தியத்திரா நகரைச் சேர்ந்தவர். செந்நிற ஆடைகள் விற்பவர். ஆற்றங்கரையில் கூடியிருந்த பெண்களோடு பவுலின் சொற்களைக் கேட்டார். திருமுழுக்குப் பெற்றதும் தம் வீட்டில் வந்து தங்குமாறு பவுலையும் அவர் தோழர்களையும் வற்புறுத்தினார். அதன்பின் பவுலும் சீலாவும் தடிகளால் அடிக்கப்பட்டு, உட்சிறையில் தள்ளப்பட்டு, கால்கள் தொழுமரத்தில் மாட்டப்பட்டன. நள்ளிரவில் அவர்கள் கடவுளுக்குப் பாடிக்கொண்டிருந்தார்கள். மற்றக் கைதிகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நிலநடுக்கம் வந்து கதவுகள் திறந்தபோது, கைதிகள் தப்பியிருப்பார்கள் என்றெண்ணிச் சிறைக்காவலர் தற்கொலை செய்யப்போக, பவுல் உரக்கக் கூப்பிட்டுத் தடுத்தார்.

இந்த நிகழ்ச்சியின் முடிவை நாம் அவசரமாகப் படித்துவிடுகிறோம். சிறைக்காவலர் அந்த இரவிலேயே அவர்களை அழைத்துப்போய் அவர்களுடைய காயங்களைக் கழுவுகிறார். பிறகு அவரும் அவர் வீட்டாரும் திருமுழுக்குப் பெறுகிறார்கள். பிறகு அவர்களைத் தம் வீட்டுக்குக் கூட்டிச் சென்று உணவு பரிமாறுகிறார். பிறகுதான், கடவுளில் நம்பிக்கை கொண்டதால் வீட்டார் எல்லாரோடும் அவர் பேருவகை அடைந்தார் என்று நூல் சொல்கிறது (திப 16:33-34). வரிசையைப் பாருங்கள்: காயம் கழுவுதல், திருமுழுக்கு, பந்தி, மகிழ்ச்சி. சில மணி நேரத்துக்கு முன் அந்தக் கால்களைத் தொழுமரத்தில் மாட்டிய கைகளே இப்போது காயங்களைக் கழுவுகின்றன.

திருத்தூதர் பணிகள் நூலில் பிலிப்பி பற்றிய பகுதியில் மகிழ்ச்சி என்ற சொல் இந்தப் பந்தியில்தான் வருகிறது. அந்தச் சபையின் மகிழ்ச்சி ஒரு சாப்பாட்டு வேளையில், காயம் கழுவிய கைகளோடு தொடங்கியது. பல ஆண்டுகள் கழித்துச் சிறையிலிருந்து பவுல் எழுதிய திருமுகத்தை வாசிக்கக் கேட்டவர்களில் இந்தக் குடும்பமும் இருந்திருந்தால், 'விலங்கிலும் மகிழ்கிறேன்' என்று அவர் சொல்வதன் பொருளை அவர்கள் வேறு யாரையும்விட நன்றாக உணர்ந்திருப்பார்கள்.

இரு பெண்களின் மனத்தாங்கல்

இனி நம் கேள்விக்கு வருவோம். மகிழுங்கள் என்ற கட்டளை யாருக்கு?

மூல கிரேக்க மொழியில் அந்தச் சொல் பன்மையில் உள்ளது. ஒரு சபைக்கு எழுதும்போது பன்மையில் எழுதுவது இயல்புதானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அதற்கு முந்திய இரண்டு வசனங்களையும் சேர்த்து வாசித்தால் பன்மையின் பொருள் தெளிவாகும். எவோதியா, சிந்திக்கே என்ற இரு பெண்கள் ஆண்டவரில் ஒரே மனத்தோராய் இருக்க வேண்டும் என்று பவுல் கெஞ்சிக் கேட்கிறார். அவர்களுக்கு உதவுமாறு தம் உடன் உழைப்பாளர் ஒருவரையும் வேண்டிக்கொள்கிறார். அந்தப் பெண்கள் நற்செய்திக்காகத் தம்மோடு போராடியவர்கள் என்று பெருமையோடு நினைவுகூர்கிறார் (பிலி 4:2-3). இதைச் சொல்லி முடித்த உடனேயே 'மகிழுங்கள்' என்கிறார் (4:4). பவுல் எழுதியபோது அதிகார எண்ணும் வசன எண்ணும் கிடையாது. அவை பல நூற்றாண்டுகளுக்குப் பின் சேர்க்கப்பட்டவை. சபையில் ஒருவர் எழுந்து வாசித்திருப்பார். பிணக்கும் மகிழ்ச்சியும் ஒரே மூச்சில் காதில் விழுந்திருக்கும்.

அந்த இருவருக்கும் என்ன சண்டை என்று பவுல் சொல்லவில்லை. சொல்லாததும் நல்லதே, அதில் நம்முடைய சண்டைகளையெல்லாம் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். பாடகர் குழுவில் யார் முதலில் பாடுவது, திருவிழாக் கணக்கை யார் வைத்திருப்பது, பீடத்துக்குப் பூ அலங்காரம் யார் செய்வது. இருவருமே நல்லவர்கள், இருவருமே ஆலயத்துக்காக உழைப்பவர்கள், ஆனால் சமாதானம் பகிரும் நேரத்தில் ஒருவரையொருவர் பாராமல் வேறு பக்கம் திரும்பிக் கைகூப்புகிறார்கள். பவுல் சொல்லவருவது இதுவே: நீங்கள் ஒருவரோடொருவர் பேசாமல் இருந்துகொண்டு ஆண்டவரில் தனித்தனியாக மகிழ முடியாது.

அசிசி நகர்ப் புனித பிரான்சிசின் வாழ்வில் இதற்கு ஓர் அழகான சான்று உண்டு. கதிரவனையும் நிலவையும் உடன்பிறப்புகளாக அழைத்துக் கடவுளைப் போற்றும் அவருடைய புகழ்பெற்ற பாடலை அவர் நலமாக இருந்தபோது இயற்றவில்லை. கண்பார்வை ஏறக்குறைய மங்கி, உடல் நலிந்து, சான் தமியானோவில் படுத்திருந்த 1225ஆம் ஆண்டு வாக்கில் இயற்றினார். அந்நாள்களில் அசிசி ஆயருக்கும் நகரத் தலைவருக்கும் கடும் பகை மூண்டது. அதைக் கேள்விப்பட்ட பிரான்சிஸ், மன்னிப்போரைப் பற்றிய ஒரு பகுதியைப் புதிதாக அந்தப் பாடலில் சேர்த்தார். தம் சகோதரர்களை அனுப்பி, இருவர் முன்னிலையிலும் அதைப் பாடவைத்தார். இருவரும் சமாதானமானார்கள் என்று அவருடைய தோழர்களின் குறிப்புகள் கூறுகின்றன. கதிரவனையும் காற்றையும் பாடிய பாட்டுக்குள் இரண்டு பேரின் சண்டைக்கு என்ன வேலை என்று அவர் எண்ணவில்லை. அந்தச் சண்டை தீராமல் பாட்டு நிறைவடையாது என்று அறிந்திருந்தார்.

அழுவது எளிது, உடன் மகிழ்வது கடினம்

மகிழ்வோரோடு மகிழவும் அழுவோரோடு அழவும் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தில் பவுல் கேட்கிறார் (உரோ 12:15). இந்த இரண்டில் எது கடினம்? அழுவோரோடு அழுவதுதான் என்று நினைக்கிறோம். ஆனால் நம் பங்குகளில் துக்க வீட்டுக்குப் போகாதவர் அரிது. சண்டை போட்டவர்கூட சாவு வீட்டுக்கு மாலையோடு வந்துவிடுவார். மகிழ்வோரோடு மகிழ்வதுதான் பெரும்பாடு. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு நல்ல இடத்தில் சம்பந்தம் அமைந்துவிட்டது. நம் மகளுக்கு இன்னும் அமையவில்லை. அவர்கள் வீட்டு ஓலை மந்திரிப்பை வாசிக்கக் கேட்கும்போது நம் உள்ளத்தில் ஒரு முள் குத்துகிறதே, அங்கேதான் சோதனை.

பிலிப்பியர் திருமுகத்தில் 'உடன் மகிழ்தல்' என்பதற்கு ஒரு தனிச்சொல்லையே பவுல் பயன்படுத்துகிறார் (பிலி 2:17-18). நான் உங்களோடு மகிழ்கிறேன், நீங்களும் என்னோடு மகிழுங்கள் என்ற பொருளில் அது வருகிறது.

லூக்கா நற்செய்தி 15ஆம் அதிகாரத்து மூன்று உவமைகளும் இதையே சொல்கின்றன. ஆட்டைக் கண்டுபிடித்த ஆயர் நண்பர்களையும் அண்டை வீட்டாரையும் கூப்பிடுகிறார். காசைக் கண்டெடுத்த பெண்ணும் அவ்வாறே தோழியரை அழைக்கிறார். மகனைப் பெற்றுக்கொண்ட தந்தை விருந்தே வைக்கிறார். ஆனால் மூன்றாம் கதையில் ஒருவர் மட்டும் வெளியே நிற்கிறார். அவர் ஊதாரி மகன் அல்லர். வீட்டைவிட்டு ஒருநாளும் போகாத மூத்த மகன். பாட்டுச் சத்தம் கேட்டும் உள்ளே வர அவருக்கு மனமில்லை. தவறாமல் பூசைக்கு வரும் நமக்கு இந்த உவமை ஓர் எச்சரிக்கை. தந்தையின் வீட்டிலேயே இருந்துகொண்டு மகிழ்ச்சியை இழக்க முடியும். அவர் இழந்ததற்குக் காரணம் தந்தை ஒன்றும் தராமல் போனதல்ல. தம்பிக்குத் தந்ததை அவரால் தாங்க முடியவில்லை.

ஒன்றும் இல்லாதவருக்குப் பங்கு

ஆண்டவரின் மகிழ்வே நம் வலிமை என்ற கருத்து பலருடைய வீட்டு நாள்காட்டியில் தொங்குகிறது. அது நெகேமியா நூல் 8ஆம் அதிகாரத்தில் வருகிறது. நாடு கடத்தப்பட்டுத் திரும்பிய மக்கள் எருசலேமில் தண்ணீர் வாயிலருகே கூடுகிறார்கள். எஸ்ரா விடியற்காலை முதல் நண்பகல்வரை திருச்சட்டத்தை வாசிக்கிறார். மக்கள் கேட்டு அழுகிறார்கள். 'அழவேண்டாம், போய் நல்ல உணவு உண்ணுங்கள்' என்று அவர்களுக்குச் சொல்லப்படுகிறது. கூடவே இன்னொன்றும் சொல்லப்படுகிறது: ஏதும் தயாரிக்க இயலாதவர்களுக்கு அதிலிருந்து பங்கு அனுப்புங்கள் (நெகே 8:10). நாள்காட்டியில் இந்தப் பகுதி அச்சாவதில்லை.

நம் பங்குத் திருவிழாவை இந்த வசனத்தின் வெளிச்சத்தில் பார்ப்போம். கொடியேற்றம், நவநாள், நற்கருணைப் பவனி, சப்பரம், மின்விளக்கு, வாணவேடிக்கை. நம் முன்னோர் வழிவழியாகக் கொண்டாடிய விழாக்கள் இவை. இவற்றில் உண்மையான பக்தியும் உண்டு. ஆயினும், வரி கட்ட முடியாத குடும்பம் அந்த வாரம் தலைகாட்டாமல் ஒதுங்கி நின்றால், ஒரு தெருவுக்கு மட்டும் சப்பரம் திரும்பாமல் போனால், சாதியின் பெயரால் ஒருவர் கையை வடத்திலிருந்து விலக்கினால், அங்கே சத்தம் இருக்கலாம், வெளிச்சம் இருக்கலாம். ஆண்டவரின் மகிழ்ச்சி இருக்காது. பங்கு அனுப்பப்படாத விருந்து அது.

நம் மண்ணின் சாட்சி

இதை நமக்கு உயிரைக் கொடுத்துக் கற்பித்தவர் புனித தேவசகாயம். குமரி மாவட்டம் நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்டன் திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்தவர். கால்நடைகள் மடிந்தும் விளைச்சல் பொய்த்தும் குடும்பத்தில் இழப்புக்குமேல் இழப்பு வந்து மனமுடைந்திருந்த காலத்தில், டி லனாய் என்ற ஐரோப்பியப் படைத்தளபதி அவருக்கு யோபுவின் வரலாற்றை எடுத்துச் சொன்னார். டி லனாய் யார்? 1741இல் குளச்சல் போரில் தோற்றுத் திருவிதாங்கூரிடம் சிறைப்பட்டவர். போதகரும் அல்லர், குருவும் அல்லர். இழப்பு இன்னதென்று அறிந்த ஒரு நண்பர். சோர்ந்த முகத்தைக் கண்டு காரணம் கேட்டார். நேரம் ஒதுக்கிப் பேசினார். பிலிப்பியில் சிறைக்காவலருக்கு ஒரு கைதி வழியாக வந்த மகிழ்ச்சி, இங்கே நீலகண்டனுக்கும் ஒரு கைதி வழியாகவே வந்தது.

அவர் 1745ஆம் ஆண்டு மே 14 அன்று வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, லாசர் என்பதன் தமிழாக்கமான தேவசகாயம் என்ற பெயரைப் பெற்றார். அதன்பின் சாதி வேறுபாடு பாராமல் எல்லாரோடும் பழகினார், எல்லாரும் சமம் என்று எடுத்துரைத்தார். 1749இல் கைது செய்யப்பட்டு, பல துன்பங்களை அனுபவித்து, 1752ஆம் ஆண்டு சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்டார். திருத்தந்தை பிரான்சிஸ் 2022ஆம் ஆண்டு மே 15 அன்று அவரைப் புனிதராக அறிவித்தார். குரு அல்லாத, துறவி அல்லாத, குடும்பத் தலைவரான ஒரு பொதுநிலையினர் அவர். துயரத்தில் ஒரு நண்பர் வழியாகப் பெற்ற மகிழ்ச்சியை அவர் தமக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. யாரையெல்லாம் ஊர் தள்ளிவைத்ததோ, அவர்களோடு பகிர்ந்துகொண்டார்.

அன்றாட வாழ்வில் நாம் செய்யக்கூடியவை

பெரிய காரியங்களை விட்டுவிட்டு, இந்த வாரமே நம்மால் இயல்வதைப் பார்ப்போம்.

முதலாவது, வீடு. இரவுச் செபமாலை முடிந்ததும் உடனே எழுந்துவிடாமல், அன்று கிடைத்த ஒரு நன்மையை ஒவ்வொருவரும் சொல்லட்டும். 'பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது' என்று பிள்ளை சொன்னாலும் போதும். பவுல் கவலைப்படவேண்டாம் என்று சொல்லும் இடத்தில், விண்ணப்பத்தோடு நன்றியையும் சேர்த்தே சொல்லச் சொல்கிறார் (பிலி 4:6).

இரண்டாவது, திருப்பலி. முதல் மணி அடிக்கும்போதே வந்துவிடுவோம். முடிந்ததும் வண்டியை எடுக்க ஓடாமல், ஒருவரிடமாவது நின்று நலம் விசாரிப்போம். இரண்டு வாரமாகக் காணாத முகம் எது என்று பார்ப்போம். ஒரே அப்பத்தில் பங்குபெறுவதால் நாம் ஒரே உடல் என்கிறார் பவுல் (1 கொரி 10:17). அந்த உடலில் ஓர் உறுப்பு வராததை மற்ற உறுப்புகள் கவனிக்காமல் இருக்கலாமா?

மூன்றாவது, அன்பியம். இருபது, முப்பது குடும்பங்கள் வீடுகளில் கூடி இறைவார்த்தையைப் பகிர்வதற்காக ஏற்பட்டவை அன்பியங்கள். ஆனால் சில இடங்களில் அவை சந்தா வசூலிக்கவும் திருவிழா வேலையைப் பிரித்துக்கொள்ளவும் மட்டும் கூடும் கூட்டங்களாகிவிட்டன. 'எங்கள் வீட்டில் இந்த மாதம் வேண்டாம்' என்று சில குடும்பங்கள் தள்ளிப்போடுவதையும் காண்கிறோம். விருப்பமில்லாமல் அல்ல, இருபது பேருக்குத் தேநீரும் வடையும் கொடுக்க வசதியில்லை, உட்காரவைக்க நாற்காலி இல்லை, அதைச் சொல்லக் கூச்சம். இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. எந்த வீட்டிலும் தண்ணீர் மட்டும்தான், பாயில்தான் அமர்வோம் என்று அன்பியம் முழுவதும் சேர்ந்து முடிவு செய்யட்டும். அப்போது மிகச் சிறிய வீட்டின் கதவும் திறக்கும். தன் குடிசையில் இறைவார்த்தை வாசிக்கப்பட்ட மகிழ்ச்சியை அந்தக் குடும்பம் வாழ்நாளெல்லாம் மறக்காது.

நான்காவது, பேசாமல் இருக்கும் ஒருவரோடு பேசுவது. சமாதான வாழ்த்தை அந்தப் பக்கமாகத் திரும்பிச் சொல்வதில் தொடங்கலாம். இருவருக்குள் பிணக்கு என்றால், மூன்றாமவர் வேடிக்கை பாராமல், பவுல் கேட்டுக்கொண்ட அந்த உடன் உழைப்பாளரைப்போல் நடுவில் நின்று உதவலாம்.

மகிழ முடியாதவர்களுக்கு

இவ்வளவும் சொன்ன பிறகும், 'என்னால் மகிழ முடியவில்லை' என்பவர்கள் நம்மிடையே இருப்பார்கள். அவர்களுக்கும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு.

திருத்தந்தை ஆறாம் பவுல் கிறிஸ்தவ மகிழ்ச்சியைப் பற்றியே 1975ஆம் ஆண்டு மே மாதம் ஒரு திருத்தூது ஊக்கவுரை வெளியிட்டார். திருத்தந்தை பிரான்சிஸ் 2013ஆம் ஆண்டு நவம்பரில் வெளியிட்ட 'நற்செய்தியின் மகிழ்ச்சி' என்ற ஊக்கவுரையில், உயிர்ப்புப் பெருவிழாவே வராத தவக்காலம்போல் வாழும் கிறிஸ்தவர்களைப் பற்றிக் கவலை தெரிவித்தார். ஆனால் அதே இடத்தில், வாழ்வின் கடினமான நேரங்களில் மகிழ்ச்சி ஒரே விதமாக வெளிப்படுவதில்லை என்பதையும், பெருந்துன்பம் அனுபவிப்போரின் சோகத்தைத் தாம் புரிந்துகொள்வதையும் சேர்த்தே எழுதினார். ஆகவே துயரப்படுவது பாவம் அல்ல. இலாசரின் கல்லறையருகே ஆண்டவரே கண்ணீர்விட்டார் (யோவா 11:35). மாதக்கணக்கில் உறக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல், வாழவே வெறுப்பாக இருந்தால், அது மனச்சோர்வு என்ற நோயாக இருக்கலாம். காய்ச்சலுக்கு மருத்துவரிடம் போவதுபோல அதற்கும் தயங்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். அது விசுவாசக் குறைவு ஆகாது. அப்படிப்பட்டவரிடம், 'நன்றாகச் செபித்தால் சரியாகிவிடும்' என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடாமல், உடன் துணைக்குப் போவது நம் கடமை.

மகிழுங்கள் என்ற கட்டளை பன்மையில் இருப்பதன் ஆறுதல் இங்கேதான் விளங்குகிறது. ஒருவரால் பாட முடியாத நாளில் சபை பாடுகிறது. துணையை இழந்தவர் அல்லேலூயாவில் வாய் திறக்க முடியாமல் நிற்கும்போது, பக்கத்தில் நிற்பவர் அவருக்காகவும் சேர்த்துப் பாடுகிறார். அடுத்த ஆண்டு இடம் மாறலாம். இன்று கேட்டவர் அன்று பாடுவார். நள்ளிரவுச் சிறையில் பவுலும் சீலாவும் பாடியபோது மற்றக் கைதிகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள் அல்லவா? அவர்கள் பாடவில்லை, ஆனால் கதவுகள் எல்லாம் திறந்தன, எல்லாருடைய விலங்குகளும் கழன்றன (திப 16:26). பாடியவர்களுக்கு மட்டும் அல்ல, கேட்டவர்களுக்கும்.

ஆகவே, மகிழ முடிந்தவர்கள் அதை மற்றவர்களுக்காகவும் சுமப்போம். முடியாதவர்கள் வெட்கப்படாமல் வந்து நம் நடுவில் அமரட்டும். ஆலயத்தில் அவர்களுக்கென்று ஓர் இடம் எப்போதும் இருக்கட்டும். அந்த இடத்துக்கு அருகில் உட்கார நாம் தயாராக இருப்போம்.

விலங்குகளின் நடுவிலும் தம் ஊழியருக்கு மகிழ்ச்சியை அருளிய இறைவன், நம் இல்லங்களையும் அன்பியங்களையும் பங்கையும் தம் மகிழ்ச்சியால் நிரப்புவாராக. ஆமென்.